ஒருக்கா நான் பாக்கட்டே?

எங்கள் குடாநாட்டில் கைவைத்துப் பார்ப்பவர் என்றொரு மனித இனம் உண்டு. இது பகலில் நடமாடும். சாரம் உடுத்திருக்கும், சாரத்து மடிப்பில் ஒரு குறடு செருகியிருக்கும். ஒழுங்கையைச் சுற்றிப் படலையால் வராது. வேலியில் ஆள் நுழையவென்று விட்டிருக்கும் பொட்டுக்குள்ளால் குனிந்து வரும். மற்றப் பிராணிகள் எல்லாம் சத்தம் கேட்டால் ஓடிவரும். இது சத்தம் நின்றால் ஓடிவரும்.

நீங்கள் தோட்டத்துக்கு இறைக்கிறீர்கள். வோட்டர் பம் விடியலிலிருந்து டபடபவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவரை உங்கள் பக்கம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்காது. அந்தப் பம் இரண்டு தரம் இருமி, ஒரு தரம் விக்கி, நின்று போகட்டும் பார்ப்போம். நீங்கள் கயிற்றைச் சுற்றி மறுபடி இழுப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கும்.

"ஒருக்கா நான் பாக்கட்டே?"

கேள்வி மாதிரி இருக்கிறது அல்லவா? கேள்வி அல்ல. ஓம் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் பம்மின் பிளக் அவர் கையில் இருக்கும். வேண்டாம் என்று சொன்னாலும் பிளக் அவர் கையில்தான் இருக்கும்.

நியாயமாகப் பேசுவதென்றால், இந்த இனம் இப்படிப் பெருகியதற்குக் காலமும் ஒரு காரணம். சண்டையால் பாதை மூடி, கரண்ட் போய் வருடங்களாகிவிட்டன. பெற்றோல் வராது, பற்றரி வராது, சவர்க்காரம்கூட நினைத்தால்தான் வரும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்ற, டைனமோவின் தயவில் றேடியோ செய்தி வாசிக்கிறது. சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைக்கிறது. மோட்டார் சைக்கிளின் தொண்டையில் சேலைன் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு, அது முழித்துக்கொண்ட பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டு போகிறோம். பின்னால் வருகிற சனம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் எல்லாரும் அரைவாசி என்ஜினியர்தான். வில்லங்கமெல்லாம் மற்ற அரைவாசியால் வருகிறது.

கைவைத்துப் பார்ப்பவருடைய பேச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பம் ஆனாலும், தையல் மெசின் ஆனாலும், மூக்குக் கண்ணாடி ஆனாலும் அது மாறாது. முதலில், "உதிலை முந்தி ஆர் கை வைச்சது?" என்பார். பழி போகவேண்டிய இடம் இப்படி முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். பிறகு, "சின்ன விசயம்." அதன் பிறகு, "ஒரு சிரட்டை தாருங்கோ." கழற்றுகிற ஸ்குறூக்களைப் போட்டு வைப்பதற்குத் தேங்காய்ச் சிரட்டை. சிரட்டை கேட்டுவிட்டார் என்றால் உங்கள் சாமானின் பழைய வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய பிறகு சிரட்டையில் ஏதாவது மிஞ்சும். மிஞ்சாமல் விட்டதே கிடையாது. "உது தேவையில்லாத சாமான், கொம்பனிக்காரன் நிறை காட்டப் போட்டிருக்கிறான்" என்று அதை உங்கள் கையில் தருவார். மெசின் ஓடினால், "சொன்னனே!" ஓடாவிட்டால், "சாமான் சரியில்லை." ஆகவே இந்த இனத்தில் தோற்றவர் என்று ஒருவரும் இல்லை. எப்படித் தோற்பது?

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்கு வாய்த்தவர் இராசநாயகம் அண்ணை. பென்சன் எடுத்தவர், நல்ல மனிதர், ஒருவரிடமும் ஒரு தேத்தண்ணிக்கு மேல் எதிர்பார்க்காதவர். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அவர் கைபட்ட நாளிலிருந்து மணி அடிப்பதில்லை. முள் மட்டும் ஓடுகிறது, ஊரிலுள்ள மற்றக் கடிகாரங்களைவிடக் கொஞ்சம் உற்சாகமாகவே ஓடுகிறது.

இனி ஞானாம்பிகையின் கொம்பியூட்டருக்கு வருகிறேன்.

ஞானாம்பிகை எனக்குப் பக்கத்து வளவு. வெங்காயத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். சிரிக்காதீர்கள், வெங்காயத் தாளின் நுனி கருகி வருகிற ஒரு நோய்க்காக, சுன்னாகத்தைச் சுற்றியுள்ள தோட்டமெல்லாம் சைக்கிளில் அலைந்து, வரம்பு வரம்பாகக் குந்தியிருந்து, நாலு வருடமாக விவரம் சேர்த்தவர். அவ்வளவும் கொம்பியூட்டருக்குள் இருந்தது. கரண்ட் இருந்த நல்ல காலத்தில் தம்பி லண்டனிலிருந்து அனுப்பிய கொம்பியூட்டர். கரண்ட் போனபிறகு முற்றத்து மூலையில் ஒரு சின்ன ஜெனரேற்றரை வைத்து, அதற்கு மண்ணெண்ணெய் வார்த்து, கறிக்குத் தாளிப்பதைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆராய்ச்சியை எழுதி முடித்திருந்தார். இனி அதைக் காகிதத்தில் அடித்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை ஒருவர் கிளாலியால் படகேறிக் குடாநாட்டுக்கு வெளியே போகிறார்; அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று சொல்ல ஆளில்லை. இந்த முறை விட்டால் பல்கலைக்கழகம் வைத்த தவணை போய்விடும். தவணை போனால் பட்டமும் போய்விடும், நாலு வருட வெங்காயமும் போய்விடும்.

புதன்கிழமை காலை அவர் ஜெனரேற்றரை இழுத்து ஸ்டார்ட் பண்ணிக் கொம்பியூட்டரைப் போட்டார். அது தொடங்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து அப்படியே நின்றது.

ஏன் என்பதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னிடம் மர்மக்கதை கிடையாது. பிளொப்பி என்று கறுத்த உறைக்குள் மெல்லிய சதுரத் தட்டு ஒன்று இருக்கிறதல்லவா, பைல்களைப் பிரதி எடுத்து வைப்பது, அதில் ஒன்றை ஞானாம்பிகை முதல்நாள் கொம்பியூட்டரின் வாய்க்குள் வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடிகிற நேரம் மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் படுத்துவிட்டது. தட்டு வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. அப்படி ஒரு தட்டு கிடந்தால், கொம்பியூட்டர் தன் சொந்த வயிற்றைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தட்டில்தான் தன்னைத் தொடக்கும் கட்டளையைத் தேடும். தட்டில் இருந்ததோ வெங்காயம். தேடிக் களைத்து நின்றுவிட்டது. தட்டை வெளியே இழுத்துவிட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் போதும், எழும்பிவிடும். திரையில் வந்த அந்த ஒற்றை வரியும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்ற ஒருவருக்கும், என்னையும் சேர்த்துத்தான், இது தெரியாது.

"ஐயோ, இதென்ன கோதாரி!" என்ற ஞானாம்பிகை, மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினார். அவ்வளவுதான். சத்தம் நின்றுவிட்டது. பொட்டுக்குப் பக்கத்து வேலிக் கிடுகு அசைந்தது.

"என்ன பிள்ளை, நிண்டு போச்சே?"

"இல்லையண்ணை, ஜெனரேற்றர் நல்லாத்தான் ஓடினது. கொம்பியூட்டர்தான் தொடங்குதில்லை."

"உதிலை முந்தி ஆர் கை வைச்சது?"

"நான்தான் அண்ணை. என்ரை கொம்பியூட்டர்."

"ம். ஒருக்கா நான் பாக்கட்டே?"

நானும் என் பக்கத்துப் பொட்டால் போனேன். பார்க்கத்தான். இப்படியான வேளையில் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கத்தானே வேண்டும்?

இராசநாயகம் அண்ணை ஜெனரேற்றரை மறுபடி இழுத்தார். கொம்பியூட்டரைப் போட்டார். அதே வரி வந்தது. ஞானாம்பிகை குனிந்து வாசிக்கத் தொடங்கினார்.

"முதல்லை உந்த ரீவீயை நிப்பாட்டு பிள்ளை. உதுதான் கரண்ட் எல்லாத்தையும் குடிக்குது. பெட்டிக்கு என்ன மிஞ்சும்?"

"அண்ணை, அதிலை என்னவோ எழுதியிருக்கு. நான் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை."

"உவன் ஆயிரம் எழுதுவான். மெசினுக்குக் காதைக் குடுக்கவேணும் பிள்ளை, கண்ணை இல்லை. சும்மா மண்ணெண்ணெய்ச் செலவு."

திரையை நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் விடை தெரிந்த ஒரே சாமான் அதுதான். அதன் வாயை மூடிவிட்டு, நிலத்தில் முழங்காலை ஊன்றி, பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். பம்முக்கும் இப்படித்தான் வைத்துக் கேட்பார்.

"மூச்செடுக்குது. ஆனாப் பிடிக்குதில்லை."

இந்த நேரத்தில் முன்படலையால் சீவரத்தினம் மாஸ்ரர் வந்தார். இவரும் அதே இனம்தான், ஆனால் வாசிக்கிற பிரிவு. கை வைக்கமாட்டார், எங்கோ வாசித்ததைக் கொண்டுவந்து வைப்பார். ஒரு வளவுக்குள் இந்த இனத்தில் இரண்டு பேர் கூடினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டுமா?

"உது வைரஸ்" என்றார் மாஸ்ரர், படலையில் நின்றபடியே.

"அதென்ன மாஸ்ரர் அது?"

"கொம்பியூட்டருக்கு வாற தொத்து வருத்தம். கொழும்பிலை நல்லாப் பரவிப்போச்சாம். பேப்பரிலை கிடந்தது."

"கொழும்பிலை இருந்து இஞ்சை என்னெண்டு வந்தது? மண்ணெண்ணெயே வரமாட்டாமல் கிடக்கு. நீர் பேசாமல் இரும் மாஸ்ரர். உது ஈரம். நேற்றைக்கு மழைக்குணமாக் கிடந்தது, உள்ளுக்குள்ளை குளிர் பிடிச்சிட்டுது. சின்ன விசயம். கழட்டி வெயில்லை வைச்சால் சரி."

"அண்ணை, வெள்ளிக்கிழமைக்கு முன்னம் அடிச்சு முடிக்கவேணும்" என்றார் ஞானாம்பிகை. "கழட்டிப்போட்டுப் பூட்டமாட்டாமல் போச்செண்டால்?"

"வெள்ளி எங்கை கிடக்கு! நீ ஒரு சிரட்டை எடுத்துக்கொண்டு ஓடிவா."

ஞானாம்பிகை குசினிக்குப் போனார். என்ன செய்வது? அண்ணை அல்லவா, வயதில் மூத்தவர், முழங்காலில் நிற்கிறார், எப்படி வேண்டாம் என்பது? எங்கள் ஊரில் பாதிச் சாமான்கள் மரியாதையால்தான் பழுதாகின்றன.

அவர் குசினிக்குள் சிரட்டை தேடுகிற நேரத்தில் இரண்டு நிபுணர்களும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனார்கள். அன்றைக்கு ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். பெட்டி போனால் பெட்டி, முதலில் பைல்களைக் காப்பாற்ற வேண்டும். நானும் தலையாட்டினேன். புத்தியான பேச்சுத்தானே? மாஸ்ரர் மேசையிலிருந்த பிளொப்பிகளையெல்லாம் பொறுக்கி அடுக்கினார்.

"உதுக்குள்ளையும் ஒண்டு கிடக்கு" என்று இராசநாயகம் அண்ணை பெட்டியின் வாயிலிருந்த பூட்டைத் திருப்பி, உள்ளே கிடந்த தட்டையும் இழுத்து எடுத்து அடுக்கின்மேல் வைத்தார்.

அந்தக் கணத்தோடு கொம்பியூட்டருக்குச் சுகம் வந்துவிட்டது. திரையைப் போட்டு ஒரு விசையைத் தட்டியிருந்தால் எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நாங்கள் பைல் காப்பாற்றுகிற அலுவலில் நின்றோம்.

எங்கே வைத்துக் காப்பாற்றுவது? இதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்குகிறது. குண்டுபோடுகிற பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டவுடன் பிள்ளையை ஒரு கையிலும் இந்தப் பையை மறுகையிலும் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள் ஓடுகிறோம். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, தாலிக்கொடி, எல்லாம் அதற்குள்தான். றேடியோவும் அதற்குள்தான். உலகத்தில் இதைவிடப் பத்திரமான இடம் உண்டா? பிளொப்பிகள் மடங்கிப் போகாமல் இருக்க ஒரு பலகை மாதிரி ஏதாவது வேண்டும் என்று இராசநாயகம் அண்ணை யோசித்தார். ஞானாம்பிகையின் பையிலிருந்த றேடியோவின் முதுகு பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. பிளொப்பிகளை அதன் முதுகில் ஒட்டவைத்து, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய றப்பரால் இறுக்கி இறுக்கிக் கட்டிப் பைக்குள் வைத்தார்.

றேடியோவின் முதுகுக்கு உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் பின்னால் காந்தம் இருக்கிறது. பிளொப்பிக்குக் காந்தம் ஆகாது. பட்டால் எழுதியிருப்பதெல்லாம் அழிந்துபோகும். பிளொப்பி செய்தவன் இதை உறையின் முதுகிலேயே படமாகப் போட்டிருந்தான்: வளைந்த காந்தம் ஒன்று, அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

"இதென்ன படம்?" என்று நான் கேட்டேன்.

"கொம்பனிச் சின்னம்" என்றார் இராசநாயகம் அண்ணை.

சிரட்டை வந்தது. பெட்டி கழன்றது. முற்றத்தில் விரித்த பாயில் ஒரு பக்கம் செத்தல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மற்றப் பக்கத்தில், மூடி திறந்து குடல் தெரிய, கொம்பியூட்டரைக் காயப் போட்டார்கள். ஞானாம்பிகை ஒரு பனையோலை விசிறியோடு பக்கத்தில் குந்தியிருந்து காகம் துரத்தினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் மிளகாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பொம்மர் வந்தது.

சத்தத்தில் திசை தெரியவில்லை. எல்லாரும் பங்கரை நோக்கி ஓடினோம். ஞானாம்பிகை மட்டும் பாயை நோக்கி ஓடினார். இராசநாயகம் அண்ணை திரும்பிப் போய் அவர் முன்னால் நின்று, பையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பிள்ளை, பைல் இஞ்சை! பைல் என்ரை கையிலை! பெட்டி போனாப் போகட்டும், நீ வா!"

பங்கருக்குள் இருட்டும் மண் வாசமும் மாஸ்ரரின் தேவாரமும். இராசநாயகம் அண்ணை அந்தப் பையை நெஞ்சோடு அணைத்து, அதற்குமேல் குனிந்து, தன் முதுகை வாசலுக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தார். கூரை விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று அப்படி இருந்தார். பகிடிக்குச் சொல்லவில்லை, அந்த நேரம் அந்த மனிதரில் எனக்கு உண்மையான மரியாதை வந்தது. ஞானாம்பிகை சத்தமில்லாமல் அழுதார். "அழாதை பிள்ளை, ஒரு எழுத்தும் போகாது" என்று அண்ணை பையை இன்னும் இறுக்கினார். அவர் இறுக்க இறுக்க, பைக்குள் கருகல் நோய் ஒவ்வொரு தோட்டமாக அழிந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒரேயொரு ஆராய்ச்சிப் பிரதியோ வெட்டவெளியில் மூடியில்லாமல், மிளகாயோடு மிளகாயாகக் கிடந்தது.

குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. நிலம் ஒருக்கால் அசைந்து அடங்கியது. வெளியே வந்து பார்த்தால் பாய் இருந்த இடத்தில் இருந்தது. கொம்பியூட்டருக்குள் கொஞ்சம் மண்ணும், நாலு மிளகாய் விதையும், ஒரு வேப்பிலையும் கிடந்தன. ஞானாம்பிகை தன் சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தார்.

பூட்டினார்கள். சிரட்டையில் இரண்டு ஸ்குறூ மிஞ்சின. நிறை காட்டப் போட்டவை. ஜெனரேற்றர் டபடபத்தது.

"இப்ப ரீவீயைப் போடு பிள்ளை."

கறகறவென்று ஒரு சத்தம் வந்தது, திரை வெளித்தது, வெங்காயம் முழுவதும் வந்து வரிசையாக நின்றது. ஞானாம்பிகை கையெடுத்துக் கும்பிட்டார். பொம்மர் போன திசையைப் பார்த்துக்கொண்டு ஒழுங்கையில் நின்ற சனமெல்லாம் உள்ளே வந்து பார்த்தது.

"சொன்னனே, ஈரமெண்டு!" என்றார் இராசநாயகம் அண்ணை.

"வெயிலுக்கு வைரஸ் செத்துப்போம்" என்றார் மாஸ்ரர்.

இருவரும் வென்றார்கள். ஆராய்ச்சி காகிதத்தில் ஏறியது, வெள்ளிக்கிழமை படகிலும் ஏறியது, போய்ச் சேர்ந்தும் விட்டது. இன்றைக்குச் சாவகச்சேரி வரையில், கொம்பியூட்டர் தொடங்காவிட்டால் பாயில் காயப்போடுகிறார்கள் என்று கேள்வி. அண்ணையைக் கூட்டிக்கொண்டு போகச் சைக்கிள் வருகிறது.

படகு போன பிறகு ஒருநாள் ஞானாம்பிகை அந்தப் பிளொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. அவர் றப்பரைப் பார்த்தார், றேடியோவைத் திருப்பிப் பார்த்தார், உறையிலிருந்த படத்தைப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்துப் பொட்டுக்குள்ளால் ஒரு தலை நீண்டது.

"பிளொப்பியள் எப்பிடிப் பிள்ளை, பத்திரமா இருக்கே?"

"ஓம் அண்ணை, நல்ல பத்திரமா இருக்கு" என்றார் ஞானாம்பிகை, சிரித்த முகத்தோடு.

தலை திருப்தியாகப் போனது. நான் ஞானாம்பிகையின் பக்கம் திரும்பினேன்.

"ஏன் பிள்ளை உண்மையைச் சொல்லேல்லை? அந்தாளும் அறியட்டுமன்!"

"சொல்லலாம்தான்" என்றார் அவர். "சொன்னால் பிளொப்பியைத் திருத்தித் தாறனெண்டு சிரட்டை கேப்பார்."

அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் எந்த மெசினும் நிற்பதில்லை. பம் நின்றால் வீட்டுக்காரர் தகரத்தைத் தட்டிக்கொண்டே பிளக்கைத் துடைக்கிறார். எங்கள் வீட்டில் தையல் மெசின் சிக்கினால் என் மனைவி செல்வநாயகி கதவைச் சாத்திவிட்டு, ஒரு கையால் நூலை அவிழ்த்துக்கொண்டே வெறும் மிதியை மிதிக்கிறாள். சத்தம் நிற்கக்கூடாது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு.

இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டு வாசித்தீர்கள், சந்தோசம். ஒன்று மட்டும் கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். தட்டு வாய்க்குள் கிடக்கிறது என்று நான் சொன்ன நேரம் தொட்டு, "அட, அதை இழுத்தெடுங்கோவன்!" என்று எத்தனை தரம் மனதுக்குள் கத்தினீர்கள்? திரையை நிறுத்தியபோது உங்கள் கை நீளவில்லையா? றேடியோவில் றப்பர் கட்டியபோது கதிரையை விட்டுப் பாதி எழும்பவில்லையா? ஒரு பொட்டு மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குள்ளேயே குனிந்து வந்திருப்பீர்கள்.

எனக்குக் காரணம் தெரியும், அதனால்தான் என்கிறீர்களா? இராசநாயகம் அண்ணைக்கும் காரணம் தெரியாமல் இருந்ததே கிடையாது.